பீட்டா எண்பத்து நாலு

ஜூன் 3

பீட்டா எண்பத்து நாலு.

எழுதிவிட்டுப் போய் அப்பளம் பொரித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அதேதான் இருக்கிறது. மளிகைச் சாமான் எழுதத்தான் இந்த டைரியை வைத்திருந்தேன், இனி இதற்கும் ஆகட்டும். கரு ஒட்டிக்கொண்டதும் இரத்தத்தில் ஒரு புரதம் சுரக்கும், அதன் அளவுக்குத்தான் பீட்டா என்று பெயர். ஐந்துக்கு மேல் வந்தாலே கர்ப்பம் என்று ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் இந்தப் பரிசோதனை வரைக்கும் வந்ததே இல்லை. இதற்கு முன் இரண்டு முறை, இப்போது போலவே, கர்ப்பப்பைக்குள் விந்தை ஊசி வழியாக ஏற்றி முயன்றபோதும் தேதி வருவதற்குள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன்.

அவருக்குப் பட்டறைக்குப் போன் செய்தேன். லேத் ஓடும் சத்தத்தில் காது கேட்கவில்லை. கடைசியில் நான் கத்திய கத்தலில் பட்டறைக்கே தெரிந்திருக்கும். சாயங்காலம் வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்.

"இந்தப் புள்ளயத் தூக்கிட்டு மருதமல படி ஏறுற வரைக்கும் காலுக்குச் செருப்புக் கெடையாது."

"ஏன்டா தனசேகரு, பட்டறையெல்லாம் இரும்புச் சுருளாக் கெடக்கும். கால்ல ஏத்திக்கிட்டு வந்து நிக்கப் போற" என்றார் அத்தை. திட்டிக்கொண்டே போய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினார்.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் மறந்து போகும்.

ஜூன் 5

எண்பத்தேழு. இரண்டு நாளில் இரட்டிப்பாகியிருக்க வேண்டுமாம். டாக்டர் வசந்தமாலினி தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாப்போம்மா. சிலருக்கு மெதுவா ஏறும். ரெஸ்ட்ல இருங்க."

ரெஸ்ட்டில் இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆஸ்பத்திரியில் முதல் நாள் பதிவு செய்தபோது என்ன வேலை என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "வீட்லதானுங்க இருக்கா" என்றார். வேலைக்குப் போகிறவர்களை இந்த டாக்டர் வாங்கு வாங்கு என்று வாங்குவார் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதோடு என் வேலையை வெளியில் சொல்ல அத்தைக்கு எப்போதுமே கூச்சம். சொந்தக்காரர்களிடம் "மருந்துக் கம்பெனி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 9

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். ஒரு கூண்டில் தண்ணீர்க் குப்பி அடைத்துக்கொண்டு, உள்ளே எலிகள் எல்லாம் சுருண்டு கிடந்தன. கவனிக்காத பையனைப் பிடித்துத் திட்டினேன்.

எங்கள் கம்பெனி பரிசோதனை கிட் தயாரிக்கிறது. நான் எலி வீட்டுக்குப் பொறுப்பு. வெள்ளெலிக்கு ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினால், அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை அதன் உடம்பு உண்டாக்கும். அந்த எலியின் மண்ணீரலிலிருந்து செல்லை எடுத்துப் பெருக்கி மேல்மாடியில் ஆன்டிபாடி எடுக்கிறார்கள். எலி அதோடு சரி. வளர்க்கிறவள் நான், அனுப்பி வைக்கிறவளும் நான். பதினாலு வருடமாகிறது, இன்னும் அனுப்புகிற அன்று எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஆன்டிபாடியை வைத்துத்தான் பரிசோதனை. ஒன்றைச் சிறு குழியின் அடியில் ஒட்டி வைப்பார்கள். இரத்தத்தை ஊற்றினால், தேடுகிற புரதம் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். மற்றதையெல்லாம் கழுவி ஊற்றிவிட்டு இரண்டாவது ஆன்டிபாடியை விடுவார்கள். அது அதே புரதத்தை மறுபக்கம் வந்து பிடிக்கும். இந்த இரண்டாவதோடு நிறம் காட்டுகிற சரக்கு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். நிறம் எவ்வளவு அடர்த்தியோ புரதம் அவ்வளவு. என் பீட்டாவையும் எங்கேயோ ஒரு எலியின் ஆன்டிபாடிதான் கண்டுபிடித்திருக்கும். அதற்காக இன்று எல்லாக் கூண்டுக்கும் சூரியகாந்தி விதை கூடுதலாகப் போட்டேன்.

பெரிய பெண் எலி ஒன்று கட்டைவிரலைக் கடித்துவிட்டது. கையுறை போடச் சொல்லிச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வெறுங்கையால் தூக்கினால்தான் அவை பயப்படாமல் இருக்கும்.

ஜூன் 14

இரத்தம் பட்டது. தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 17

எண்பத்தைந்து!

டாக்டருக்குக் குழப்பம். "ப்ளீடிங் ஆயிருச்சுன்னா நம்பர் எறங்கணும்மா. ஏன் அப்படியே நிக்குதுன்னு தெரியல." ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது. அவர் கவலையாகச் சொல்லச் சொல்ல எனக்குள் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம். இறங்கவில்லை என்றால் போகவில்லை என்றுதானே அர்த்தம். வெளியே வந்து வீட்டுக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் வெறுங்காலோடு வெயிலில் போய் இளநீர் வாங்கி வந்தார். தார் ரோட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக் குதித்துக்கொண்டே வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

ஜூன் 21

மருந்துக் கடையில் சிறுநீரில் பார்க்கிற அட்டை ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடு. பழைய சரக்காக இருக்கும்.

ஜூன் 22

வேறு கடை, வேறு அட்டை. ஒரு கோடுதான். அந்தக் கடைக்காரன் முழியே சரியில்லை. இரத்தத்தில் இருப்பதைவிட இந்த அட்டை பெரிதா? தூக்கிப் போட்டேன். டாக்டரும் சிறுநீர் கேட்கவில்லை, இரத்தப் பரிசோதனைதான் நுட்பமானது என்று அவரே சொல்லியிருக்கிறார். கேட்காததை நானாக ஏன் சொல்ல வேண்டும்?

இன்று ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜூன் 30

கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் எங்கேயோ தங்கியிருக்கலாம் என்கிறார்கள். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாம். விட்டால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. வளர்கிற செல்லை வளரவிடாமல் நிறுத்துகிற ஊசி போட வேண்டுமாம்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். அவர் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டார்கள்.

ஜூலை 8

எண்பத்து மூன்று. வாயெல்லாம் புண். மோரும் சாதமும் மட்டும். அத்தை மிளகாயே இல்லாமல் எல்லோருக்கும் அதையே சமைக்கிறார். "அவ வாய் வேகும்போது நமக்கு என்றா காரம்?" என்று அவரிடம் சத்தம் போட்டதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

ஜூலை 15

இரண்டாவது ஊசி. எண்பத்தாறு. எதற்கும் அசையவில்லை. பிடிவாதத்தில் அப்பாவைக் கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு வலது உள்ளங்காலில் இரும்புச் சுருள் ஏறிவிட்டது. ஊசியால் தோண்டி எடுத்தேன். சர்க்கரை இருக்கிற உடம்பு, செருப்புப் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நம்பர் இன்னும் நிக்குதுல்ல? அது நிக்கற வரைக்கும் நானும் நிப்பேன்."

ஜூலை 24

பேக்கிங் பிரிவில் ஆள் குறைவு என்று மதியம் என்னை அனுப்பினார்கள். கிட்டுக்குள் வைக்கிற விளக்கத்தாளை மடித்துப் போடுகிற வேலை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை. எலிகளோடு அதிகம் புழங்குகிறவர்களின் இரத்தத்தில் எலிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம், அவர்களுக்கு முடிவு தவறாக வரக்கூடும் என்று.

இது எங்கள் கம்பெனி கிட்டுக்குப் போட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது வேறு கம்பெனி கிட்.

சாயங்காலம் வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

ஆகஸ்ட் 6

டாக்டர் வசந்தமாலினி கையை விரித்துவிட்டார். கருவின் செல் சில பேருக்குக் கட்டியாக மாறிவிடுமாம். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார், கடைசியில் அத்தைதான் கேட்டார். "கேன்சருங்களா?" டாக்டர் தலையாட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பஸ்ஸில் நடத்துநர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் அவர் டிக்கெட் எடுத்தார்.

ஆகஸ்ட் 11

நெஞ்சு, வயிறு, தலை எல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கேயும் ஒன்றும் இல்லை. நம்பர் மட்டும் இருக்கிறது. நம்பர் இருப்பதால் கட்டி இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். கீமோ தொடங்கிவிட்டது. கம்பெனியில் நீண்ட லீவு சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 25

முடி கொட்டுகிறது. அத்தை விடியும்முன் எழுந்து தலையணையில் கிடப்பதைப் பொறுக்கி எறிந்துவிடுகிறார், நான் பார்க்கக் கூடாதாம். நான் தூங்குவதுபோல் கிடக்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் வருடம் என்மேல் எலி நாற்றம் அடிக்கிறது என்று தனிச் சோப்பு வாங்கி வைத்த அதே அத்தைதான். இன்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 30

எண்பத்து நாலு. கீமோவுக்கும் அசையவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி.

"உசுரு இருந்தாப் போதும் கண்ணு. புள்ளையில்லாட்டிப் போவுது" என்றார் அத்தை. பதினோரு வருடத்தில் இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். கேட்டபோது ஒன்றுமே தோன்றவில்லை.

அவர் கால் வீங்கி, துணி சுற்றிக்கொண்டு நடக்கிறார். அப்போதும் செருப்பு இல்லை.

செப்டம்பர் 7

நேற்றே அட்மிட் ஆகிவிட்டேன். இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் ஆய்வகத்திலிருந்து டாக்டர் கிருபாகரன் என்று ஒருவர் வார்டுக்கே வந்தார். ஆய்வக டாக்டர்கள் நோயாளியைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல பாதிக்குப் பாதி உப்புத் தண்ணி கலந்து ஓட்டிப் பாத்தனுங்க. பாதியாக் கலந்தா நம்பரும் பாதி வரணும். நாப்பத்தி ரெண்டு வரல, பதினொண்ணு வந்துச்சு. வேற கம்பெனி கிட்டுல போட்டா ஒண்ணுமே இல்லைங்குது. எனக்கு மனசு ஒப்பல. ஏனுங்கம்மா, ஆடு மாடு வளக்கறீங்களா?"

"இல்லீங்க" என்றார் அவர்.

"வேலைக்கு ஏதாச்சும் போறீங்களா? கேஸ் ஷீட்ல ஹவுஸ்வைஃப்னு போட்டிருக்குது."

"வீட்லதானுங்க இருக்கா" என்றார் அத்தை. பாவம், பழக்கம்.

டாக்டர் எழுந்துவிட்டார். நாற்காலியைத் திரும்பச் சுவரோரம் வைத்தார். அவர் கதவைத் தாண்டிப் போய்விட்டால் நாளை மறுநாள் என் கர்ப்பப்பை போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் நம்பர் போய்விடும் என்பதும் தெரியும். வேறு கிட்டில் ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்ன பிறகும், எண்பத்து நாலு என்று ஒரு பிள்ளை இருக்கிறது என்றுதான் என் மனது சொல்லிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் விளக்கத்தாள் மடித்த அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கட்டிலின் கால்மாட்டில் அவருடைய துணி சுற்றிய கால் தெரிந்தது. துணியின் ஓரம் ஈரமாக இருந்தது, சீழ்.

"எலி" என்றேன்.

"என்னங்கம்மா?"

"எலி வளக்கறனுங்க. கிட் செய்யற கம்பெனில. பதினாலு வருசமா. வெறுங்கையிலதான் தூக்குவேன். கடிச்சிருக்குதுங்க, நெறைய."

டாக்டர் திரும்பி வந்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுச் சிறுநீர் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் குப்பி கேட்டார்.

"எனக்கே தெரியுங்க. ஒரு கோடுதான் வரும்" என்றேன்.

ஒரு கோடுதான் வந்தது.

செப்டம்பர் 8

ஆபரேஷன் இல்லை.

டாக்டர் கிருபாகரன் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். என் இரத்தத்தில், எலி இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கலந்து, என் ஆன்டிபாடிக்கு முதலில் அதைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பரிசோதித்திருக்கிறார். நம்பர் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

"கிட்டுல இருக்கற ரெண்டு ஆன்டிபாடியும் எலிகிட்ட எடுத்ததுங்க. உங்க சம்சாரத்து ஒடம்பு எலிய எதிரியா நெனச்சு அதுக்கு ஒரு ஆன்டிபாடி செஞ்சு வெச்சிருக்குது. அது ஒரு கையில கிட்டோட மொத ஆன்டிபாடியவும் இன்னொரு கையில ரெண்டாவதையும் புடிச்சுக்குது. நடுவுல பீட்டாவே இல்ல. மிஷினுக்கு அது தெரியாது. நெறம் வந்தா நம்பர் போட்டுரும். அந்த ஆன்டிபாடி பெருசு, கிட்னியத் தாண்டி யூரின்ல வராது. நெசப் பீட்டாவா இருந்தா வந்திருக்கும்."

இருட்டில் இரண்டு பேர் திருடனைப் பிடிக்கப் போய், நடுவில் வந்த என் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அகப்பட்டான் என்று கத்தியிருக்கிறார்கள். அதற்குத்தான் இரண்டு ஊசி, கீமோ, என் முடி.

அவர் டாக்டரிடம் கேட்டார். "அப்பக் கட்டி இல்லீங்க. ஆனா மொதல்ல புள்ள வந்துச்சு. வந்துட்டுப் போயிருச்சு. நம்பர் மட்டும் எலியால நின்னுருச்சு. அப்படித்தானுங்களே?"

"இருக்கலாமுங்க. அத இப்பச் சொல்ல முடியாது."

அவருக்கு அது போதுமாக இருந்தது. காருக்குப் பணம் கொடுக்கலாம் என்று அத்தை சொல்லியும் கேட்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார். "ஒருக்கா வந்த புள்ள, வழி தெரியும். திரும்பி வரும்" என்றார்.

செப்டம்பர் 15

வேலைக்குப் போனேன். தலையில் துண்டு, கையில் கையுறை. எலிகள் கையுறையைக் கண்டு மூலைக்கு ஓடின.

நேற்று அவர் காலைப் பார்த்த டாக்டர், இனிமேலும் செருப்பில்லாமல் நடந்தால் சுண்டுவிரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். எடுத்தால் எடுக்கட்டும் என்கிறார் இவர். வேண்டுதலை நடுவில் விட்டால் வருகிற பிள்ளை வராதாம்.

எலி வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் கம்பெனி ஒவ்வொரு ஜனவரியும் இரத்தம் எடுத்து உறைபெட்டியில் வைத்திருக்கும், பின்னால் ஏதாவது நோய் வந்தால் பார்ப்பதற்கு. பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் ஃபௌசியாவிடம் என் போன ஜனவரிக் குப்பியைக் கேட்டேன். இந்தப் பிள்ளைக்காக ஊசி வழியாக முயன்றதே மே மாதம்தான்.

ஃபௌசியாவுக்கு எல்லாம் தெரியும். குப்பியை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். "வேண்டாமேக்கா. ஒண்ணு ரெண்டு சந்தேகம் அப்படியே இருந்தாத்தான் என்ன?"

"குடு புள்ள" என்றேன். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 17

டாக்டர் கிருபாகரன் அதே மிஷினில், அதே கிட்டில் போட்டுப் பார்த்துச் சொன்னார்.

ஜனவரி மாத இரத்தத்தில் எண்பத்தொன்று.

எலிச் சீரம் கலந்த பிறகு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18

வரவே இல்லை. ஒரு நாள்கூட வரவில்லை. யாரிடம் பேசினேன் அத்தனை நாளும்?

செப்டம்பர் 19

காலையில் அவர் காலுக்கு மருந்து வைத்துத் துணி சுற்றும்போது சொன்னேன். ஜனவரி, குப்பி, எண்பத்தொன்று. ஜூன் மாதமே அட்டையில் ஒரு கோடு வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் கால் விரல்கள் என் மடியில் மடங்கின, வேறு அசைவில்லை.

"வரவே இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அத்தை காப்பி கொண்டு வந்து வைத்தார், ஆறிப் போயிற்று. பட்டறைக்கு நேரமானதும் எழுந்து வாசலுக்குப் போனார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவினார். செருப்பை வெளியே இழுத்து, ஒட்டடையைத் துடைத்துத் தரையில் தட்டி, நல்ல காலை முதலில் நுழைத்தார். இத்தனை நாள் வெறுங்காலாய் நடந்ததில் பாதம் அகன்று, தோல் தடித்துப் போயிருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் வார் ஏறவில்லை. கடைசியில் குதிகாலைப் பின்னால் தொங்கவிட்டபடியே இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.